சொல்லாமல் விட்ட மாத்திரை



தொட்டியம் பக்கம் வாழை வைத்திருக்கும் வீடுகளில் இது சகஜம். பகலெல்லாம் தார் சுமந்தவருக்கு இரவில் இடுப்புவலி. "என்னங்க, கடையில ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்குங்க" என்பார் மனைவி. வலி விட்டுவிடும். ஆனால் அவர் இரத்தக் கொதிப்புக்கு எனலாபிரில் சாப்பிடுகிறவர். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்த மாத்திரை அது. கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் உண்டு.

டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும்; கொதிப்பு மாத்திரையின் வேலை மட்டுப்படும். அதோடு நிற்பதில்லை. சிறுநீரகத்துக்கு இரத்தம் வரும் வழியை வலி மாத்திரை சுருக்குகிறது. வெளியேறும் வழியை எனலாபிரில் தளர்த்துகிறது. நீர் மாத்திரையோ உடம்பின் நீரையே குறைக்கிறது. மேல்மடையை அடைத்து, கீழ்மடையைத் திறந்து, வாய்க்காலிலும் தண்ணீரைக் குறைத்தால் வயலில் என்ன நிற்கும்? மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். வெயிலில் வியர்த்த நாளிலும் வயிற்றுப்போக்கு கண்ட நாளிலும் ஆபத்து கூடுதல். வலிக்கு என்ன போடலாம் என்று டாக்டரையே கேளுங்கள். பெரும்பாலும் பாராசிட்டமால் போதும்.

தாய்மார்கள் மாலா-என் சாப்பிடுவதை கொதிப்பு பார்க்கும் டாக்டரிடம் சொல்வதில்லை. அதெல்லாம் மருந்துக் கணக்கில் வராது என்ற நினைப்பு! அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் சிலருக்கு இரத்த அழுத்தத்தை ஏற்றும். கொதிப்பு உள்ளவர்களுக்குக் காப்பர்-டி உண்டு; ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையும் உண்டு. மாற்றிக்கொள்ளும் வரை நிரோத் கைவசம் இருக்கட்டும். ஏனெனில் எனலாபிரில், லோசார்டான் சாப்பிடும்போது கரு தரித்தால் சிசுவின் சிறுநீரகம் பாதிக்கக்கூடும். நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே நர்ஸம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஆண்கள் மறைப்பது வேறு. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஐசோசார்பைடு மாத்திரைக்காரர், தாம்பத்தியத்துக்கென்று சில்டெனாபிலை ரகசியமாக வாங்கிப் போட்டால், இரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரிக்குப் போனால், முந்தின இரண்டு நாளில் அப்படி எதுவும் சாப்பிட்டிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். வெட்கம் பார்க்கிற நேரமல்ல. அவரால் பேச முடியாமல் போனால் மனைவிதானே சொல்லவேண்டும்? ஆகவே அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இதைப் படித்துவிட்டுப் பயந்து கொதிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், இருவருடையதையும், ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். தலையணைக்கு அடியில் இருப்பதையும் சேர்த்துத்தான்.