போய் வருகிறேன்

நாகபுரியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம். பள்ளிக்குப் புறப்பட்ட சிறுமி, "பாட்டி, போகிறேன்" என்றாள். பாட்டி உடனே, "அப்படிச் சொல்லக்கூடாது, கண்ணு. போய் வருகிறேன் என்று சொல்" எனத் திருத்தினார். "இரண்டும் ஒன்றுதானே?" என்று சிறுமி கேட்டாள்.

இரண்டும் ஒன்றல்ல. 'போகிறேன்' என்பது செய்தி. 'போய் வருகிறேன்' என்பது திரும்பி வருவேன் என்னும் உறுதிமொழி. மங்கலமற்றதை மங்கலச் சொல்லால் கூறும் வழக்கை நன்னூல் 'மங்கலம்' என்கிறது. பாட்டியின் திருத்தம் அதனைச் சார்ந்தது. விடைபெறும்போது மராத்தியர் 'யேதோ' என்பர்; வங்காளியர் 'ஆஷி' என்பர். இரண்டிற்கும் 'வருகிறேன்' என்பதே பொருள்.

அன்றாடப் பேச்சை ஆராய்ந்த ஆங்கிலேய மெய்யியலாளர் ஆஸ்டின், சொல்லுதலே சில இடங்களில் செயலாகிறது என்றார். வாக்களித்தல், மன்னிப்புக் கேட்டல், வாழ்த்துதல் ஆகியவை சொல்லால் நிகழும் செயல்கள். இக்கருத்தை விளக்கும் அவருடைய நூல் 1962-இல் வெளிவந்தது.

இத்தகைய சொற்கள் குழந்தையின் மனத்துள் எவ்வாறு குடியேறுகின்றன? சிறு குழந்தைகள் விளையாடும்போது தமக்குத்தாமே உரக்கப் பேசுவர். வளர வளர அப்பேச்சு மறைந்துவிடும் என்று சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே கருதினார். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி (1896–1934) அதனை மறுத்தார். குழந்தை முதலில் பிறரோடு பேசுகிறது. பின்னர்த் தனக்குத்தானே உரக்கப் பேசுகிறது. இறுதியில் அப்பேச்சு ஒலியின்றி உள்ளே சென்று சிந்தனைக்குத் துணையாகிறது என்றார். இடர் நேர்கையில் தனக்குத்தானே பேசுதல் மிகுவதையும் அவர் கண்டார். நீலப் பென்சில் கிடைக்காத குழந்தையொன்று, சிவப்பால் வரைந்து நீரால் நனைத்தால் நீலம்போல் தோன்றும் எனத் தனக்குத்தானே சொல்லி வழி கண்டதாம்.

நாகபுரிச் சிறுமிக்கும் ஒருநாள் இடர் வந்தது. கணக்குத் தேர்வில் விடை வரவில்லை, கை நடுங்கியது. "பொறு, ஒவ்வொன்றாகப் பார்" என்று அவள் உதடுகள் முணுமுணுத்தன. நூற்கண்டின் சிக்கலை எடுக்கும்போதெல்லாம் பாட்டி சொல்லும் சொற்கள் அவை. வகுப்பில் எவரும் தமிழ் பேசவில்லை. அவள் உள்ளத்தில் தமிழ் பேசியது.

வீட்டில் கேட்கும் பேச்சே பின்னாளில் மனத்தின் குரலாகிறது. வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகள் நாள்தோறும் சிறிது நேரமேனும் பெரியோருடன் தமிழில் உரையாடுதல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

மெய்யியலாளர் – தத்துவ அறிஞர்
இடர் – துன்பம், தடை
நூற்கண்டு – நூல் சுற்றிய உருண்டை

பயிற்சி

1. 'போகிறேன்', 'போய் வருகிறேன்' ஆகியவற்றின் வேறுபாடு யாது?
2. பியாஜே, வைகாட்ஸ்கி ஆகியோரின் கருத்துகள் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. சொல்லால் நிகழும் செயல்கள் மூன்றனைக் கூறுக.
4. உங்கள் வீட்டுப் பெரியோர் அடிக்கடி கூறும் தொடர்கள் ஐந்தினைக் கேட்டு எழுதுக. அவற்றுள் நீங்கள் மனத்துள் சொல்லிக்கொள்வது எது?