சலக்கடுப்பு ஏன் வருகிறது?

சலம் போகும்போது எரிவு, அடிக்கடி போகவேண்டும் என்ற அவதி, போனாலும் சில துளிகளே வருதல், அடிவயிற்றில் நோவு. இவற்றை "உடம்புச் சூடு" என்று சொல்லி, இளநீரைக் குடித்துவிட்டு இருந்துவிடுகிறோம். வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடியாதவருக்குச் சலம் செறிந்து கடுப்பது உண்டுதான். ஆனால் தண்ணீர் குடித்தும் கடுப்புத் தணியாவிட்டால், அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நமது குடலிலிருந்தே. அங்கு வாழும் 'ஈ.கோலை' என்னும் பற்றீரியா, மலவாசலிலிருந்து சலவாசலை அடைந்து சலப்பைக்கு ஏறுகிறது. ஆண்களின் சலவழி ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். பெண்களுடையது 4 சென்ரிமீற்றர் மட்டுமே. ஆகவேதான் பெண்களுக்கு இந்நோய் அதிகம். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

யார் கூடிய கவனம் எடுக்கவேண்டும்?

கர்ப்பிணிகள், மாதவிடாய் நின்ற பெண்கள், நீரிழிவு உள்ளவர்கள், சிறுநீரகக் கல் உள்ளவர்கள், புரொஸ்ரேற் சுரப்பி வீங்கிய வயோதிப ஆண்கள். உடலுறவின்போதும் கிருமி உள்ளே தள்ளப்படலாம். பின்னர் சலம் கழிப்பது நல்ல பழக்கம்.

முகாமில் வரும் காரணம்

மலசலகூடம் தூரம், வெளிச்சமில்லை, கதவுக்குக் கொண்டியில்லை. ஆகவே பெண்கள் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை, விடியும்வரை அடக்குகிறார்கள். சலம் போகும்போதெல்லாம் கிருமிகளும் கழுவப்படுகின்றன. அடக்கினால் அவை உள்ளே பெருகுகின்றன. அடிக்கடி இந்நோய் கண்ட, குறைவாகத் தண்ணீர் குடித்த பெண்கள் நாளுக்கு 1.5 லீற்றர் கூடுதலாகக் குடித்தபோது, நோய் வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

ஆனால் இரவில் போக இடமில்லாதவளிடம் "தண்ணீர் குடி" என்று சொல்லிப் பயனில்லை. 20 பேருக்கு ஒரு மலசலகூடம், பெண்களுக்குத் தனியாக, உள்ளே பூட்டக்கூடியதாக, வெளிச்சத்துடன் வேண்டும் என்று சர்வதேச 'ஸ்பியர்' நியமங்கள் கூறுகின்றன. இதைக் கேட்பது சலுகையல்ல. முகாம் குழுவில் ஆண்களும் இதற்காகப் பேசவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

- சலத்தை அடக்காதிருப்போம். கொதித்தாறிய நீரைப் பகலில் நிறையக் குடிப்போம்.
- மலங்கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுவோம்.
- பிறருக்குக் கொடுத்த மாத்திரையின் மிச்சத்தை விழுங்கோம். வைத்தியர் தந்ததை இடையில் நிறுத்தோம்.
- குளிர்காய்ச்சல், விலாப்பக்க நோவு, வாந்தி, சலத்தில் இரத்தம் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போவோம். கர்ப்பிணிகளும் ஆண்களும் சிறு கடுப்புக்கும் காட்டவேண்டும்.

கலந்துரையாட

1. நமது முகாமில் எத்தனை பேருக்கு ஒரு மலசலகூடம் உண்டு?
2. இரவில் பெண்கள் பயமின்றிப் போய்வர, இந்த வாரமே நாம் எதைச் செய்யலாம்?