நீலகிரியும் நாய்ப் பெருக்கமும்

குன்னூரிலே சிம்ஸ் பூங்காவின் அண்மையில் பாஸ்டர் ஆராய்ச்சிச் சாலை என்னும் பழைய கட்டடம் ஒன்று உளது. மலைவளம் காண வருவோர் பூங்காவினுள் நுழைந்து மலர்களைக் கண்டு களித்து மீளுகின்றனரேயன்றி, அக்கட்டடம் எதன்பொருட்டு எழுந்ததென வினவுவார் மிகச் சிலரே. 1902-ஆம் ஆண்டில் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கில மாது வெறிநாய்க்கடி நோயால் மாண்டனர். அந்நோய்க்குரிய ஊசிமருந்து அக்காலத்தில் தென்னாட்டில் யாண்டும் கிடைப்பதற்கில்லை. இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் 1900-இல் நிறுவப்பெற்ற சாலைக்கே கடியுண்டோர் செல்லவேண்டியிருந்தது. அத்துணைத் தொலைவு செல்லும் பொருளும் பொழுதும் வாய்த்தவர் எத்தனை பேர்? அம்மாதின் மரணம் பலர் உள்ளத்தை உருக்கிற்று. அமெரிக்கச் செல்வராகிய ஹென்றி ஃபிப்ஸ் என்பார் கர்ஸன் பிரபுவிடம் அளித்திருந்த நன்கொடையினின்றும் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட, 1907-இல் குன்னூர்ச் சாலை திறக்கப்பெற்றது.

அன்றுமுதல் நெடுங்காலம் தென்னாட்டு ஜனங்கள் நாய் கடித்தபின் அடைக்கலம் புகுந்த இடம் இம்மலையே. கசௌலியில் டேவிட் ஸெம்பிள் என்பார் 1911-இல் வகுத்த முறைப்படி, ஆட்டின் மூளையினின்றும் செய்யப்பட்ட மருந்தை வயிற்றிலே பல நாள் தொடர்ந்து குத்திக்கொண்ட முதியோர் இன்றும் நம்மிடையே உளர். அம்மருந்து 2005-க்குள் இந்நாட்டில் கைவிடப்பட்டது. இக்காலத்து மருந்து கைத்தோளில் ஏற்றப்படுவது, முன்னையதினும் நல்லது. எனினும் இம்மருந்தெல்லாம் கடித்தபின் தேடுவதேயன்றோ? இந்தியாவில் ஆண்டுதோறும் 18,000 முதல் 20,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனத்தார் நெடுநாள் மதிப்பிட்டு வந்தனர். 2025-இல் வெளியான ஓர் இந்திய ஆராய்ச்சி அத்தொகையை 5,700-க்குச் சற்று மேல் எனக் குறைத்துக் கூறுகின்றது. குறைந்த கணக்கையே கொள்வோமாயினும், நோய் தோன்றியபின் பிழைப்பார் அரிதினும் அரிதாகலின், அத்தனையும் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் என்பதை நாம் மறத்தலாகாது.

நிற்க. நாய்கள் இங்ஙனம் பெருகுவது எவ்வாறு? பெட்டை நாய் பிறந்து ஆறு முதல் எட்டுத் திங்களுக்குள் பருவமெய்தும்; சூல்கொண்டு ஏறக்குறைய 63 நாளில் ஈனும்; ஓரீற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் காண்பது வழக்கம். நம் மலையில் தெருநாய் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு நாயின் பேரன் அல்லது பேர்த்தியேயாம். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலே காட்டுப்பன்றியும் கரடியும் அண்டினால் குரைத்தறிவிக்க நாயொன்று வேண்டும். அதனைக் கட்டிவைப்பதற்குக் கொல்லைப்புறமும் இல்லை, வழக்கமும் இல்லை. கடுவன் குட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஆளுண்டு. பெட்டைக் குட்டியைக் கேட்பாரில்லை. அது சாக்கில் கட்டப்பட்டுக் கடைவீதியிலோ மலைப்பாதையின் வளைவிலோ விடப்படுகின்றது. ஆங்கே உணவுவிடுதிக் கழிவும், வழிச்செல்வோர் எறிந்த எச்சிற் பொட்டலமும் அதனை வளர்க்கின்றன. (நாயை வெறுப்பவரும் குப்பையை வாயிலில் கொட்டி அதற்கு விருந்திடுகின்றனர் என்பது வேடிக்கை.)

இதனால் விளையும் கேடு மனிதரோடு நிற்பதன்று. சிறுத்தைக்கு நாய் உவப்பான இரை. நாய் மலிந்த இடத்திற்கு அது வருதல் இயல்பே. நாயைத் தேடி வந்த சிறுத்தை வாயிலில் விளையாடும் குழந்தையையும் காணும். காட்டோரத்து நாய்க்கூட்டம் மான்களை விரட்டிக் கடிப்பதும் உண்டு. முதுமலைக் காட்டின் செந்நாய் நாயினத்தைச் சேர்ந்ததாகலின், நம் நாய்களின் வெறிநோயும் டிஸ்டெம்பர் என்னும் கொள்ளை நோயும் அதனையும் பற்றவல்லன.

பண்டு இதற்குக் கண்ட பரிகாரம் கொலையே. சென்னை நகரசபையார் 1860 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தனர் என்றும், 1996-ஐ அணுகிய காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 135 நாய்கள் மாண்டன என்றும் ப்ளூ கிராஸ் சங்கத்தார் கூறுவர். நூற்று முப்பத்தாறு ஆண்டு கொன்றும் நாய் குறைந்ததா? இல்லை. கொல்லத்தக்க நாய் நாளுக்கு நாள் மிகுந்ததே கண்ட பயன். இதன் காரணம் எளிது. ஒரு தெருவிலுள்ள உணவு பத்து நாய்க்குப் போதுமாயின், ஐந்தைக் கொன்றவிடத்து எஞ்சிய ஐந்தும் இரட்டிப்பு உணவுண்டு கொழுக்கின்றன. முன்பு பசியால் மடிந்த குட்டிகள் இப்பொழுது பிழைக்கின்றன. அயல்தெரு நாய்களும் வெற்றிடங்கண்டு வந்து புகுகின்றன. வந்தவை ஊசி போடப்பெறாதவை. இடத்திற்காக ஒன்றையொன்று கடித்துக்கொள்பவை. நாய்களை அகற்றுதலால் வெறிநோய் தணிந்ததற்குச் சான்றில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1992-இல் வெளியிட்ட முடிபும் ஆகும்.

காப்டன் சுந்தரம் என்பார் 1959-இல் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ் சங்கத்தார், கொலைக்கு மாறாகக் கருத்தடை அறுவையும் ஊசியும் இட்டு நாயைப் பிடித்த இடத்திலேயே விடுக என 1964 முதல் வாதாடினர். முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, 1996-இல், நகரசபையார் அதனை ஏற்றனர். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2001-இல் இந்திய அரசாங்கத்தார் இதனையே நாடு முழுமைக்கும் விதியாக்கினர். 2023-இல் அதனைப் புதுக்கினர். இவ்விதிகளின்படி தெருநாய்களுக்கு அறுவை செய்விக்கும் பொறுப்பு நகரசபை, பஞ்சாயத்து முதலிய ஸ்தல ஸ்தாபனங்களைச் சார்ந்தது. டில்லி நாய்களையெல்லாம் அடைத்துவைக்க வேண்டுமென 2025 ஆகஸ்டு 11-இல் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளையும், வெறிகொண்டனவும் மூர்க்கமானவையும் நீங்கலாக ஏனையவற்றை அறுவைக்கும் ஊசிக்கும் பின் விடுவிக்கலாமென அம்மாதம் 22-ஆம் நாள் மாற்றப்பட்டது. பின்னர் நவம்பர் 7-இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலியவற்றினின்றும் பிடித்த நாய்களை மீண்டும் அங்கே விடலாகாதென அம்மன்றமே பணித்தது.

காளையைக் காயடித்தல் நம் உழவர் தொன்றுதொட்டு அறிந்த தொழில். நாய்க்குச் செய்வதும் அவ்வினமே. ஆயினும் மயக்கமருந்து கொடுத்து, நோவு தோன்றாவண்ணம், தூய கருவிகளால் செய்யப்படுவது. ஆணுக்கு விதைகளும் பெட்டைக்குச் சூலகங்களும் கருப்பையும் நீக்கப்படுகின்றன. அடையாளமாகக் காதில் சிறு வெட்டு இடப்படும். காது வெட்டுண்ட நாயைக் கண்டால், அது அறுவை முடிந்தது என்று அறிக. வெறிநோய்க்குரிய ஊசியும் அப்பொழுதே இடப்படும். பெட்டையின் அறுவைக்குக் கைத்திறன் மிக வேண்டும். கல்லூரிப் படிப்பால் மட்டும் அது வருவதன்று. இத்திறனைக் கற்பிக்கும் சாலையொன்று நம் உதகையின் அருகிலேயே இருத்தல் நமக்குப் பெருமையாம். லூக் காம்பிள் என்பார் 2003-இல் இங்கிலாந்தில் நிறுவிய உலகளாவிய கால்நடை மருத்துவச் சேவைச் சங்கத்தார் நடத்தும் அச்சாலைக்குப் பல நாட்டு மருத்துவரும் வந்து பயிலுகின்றனர்.

இனி எத்தனை நாய்க்கு அறுவை செய்தால் போதும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் 100 நாய்கள், அவற்றுள் 50 பெட்டைகள் என்க. ஆண்டுக்கொருமுறை ஐந்தைந்தாக ஈன்றால் 250 குட்டிகள். ஐந்தில் ஒன்றே பிழைக்குமெனக் கொண்டால் 50 புதுநாய்கள். ஆண்டில் மூப்பாலும் நோயாலும் வண்டியில் அடிபட்டும் 20 நாய்கள் சாகட்டும். இருபத்தைந்து பெட்டைக்கு அறுவை செய்தோமாயின், எஞ்சியவை 25 புதுநாய்களைத் தரும், சாவு 20. நாய் பெருகவே செய்யும். செலவழித்த பணம் வீண். முப்பத்தைந்துக்குச் செய்தாலோ புதியவை 15, சாவு 20. தொகை இறங்கத் தொடங்கும். ஆகவே பாதி வேலைக்குப் பாதிப் பலன் கிடைக்கும் என்று எண்ணுவது பிழை. வெறிநோய் ஊசிக்கும் நூற்றுக்கு 70 நாய் என்பதே அறிஞர் குறித்த அளவு. நம் அலுவலகங்கள் அறுவைகளின் மொத்தத் தொகையை மட்டும் அறிக்கையிலிட்டு மகிழ்வது எனக்கு உடன்பாடன்று. மொத்த நாயில் எத்தனை பங்கு என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

அறுவை செய்த நாயும் கடிக்குமே என்பார் கூற்று மெய்யே. எனினும் குட்டிகாக்கும் தாயின் சீற்றமும், பெட்டையைச் சுற்றிக் கடுவன்கள் இடும் போரும் அதனால் நீங்கும். பொதுப்பணத்தை நாய்க்குச் செலவிடுவானேன் என்பார்க்கு விடை வேறு. தெருநாய்க்கு உடையவர் இல்லை, எனவே கொடுப்பாருமில்லை. வீட்டு நாய்க்கு உடையவர் உளரேனும், நாட்கூலி பெறும் தொழிலாளி அறுவைக் கூலி கொடுக்கமாட்டாமல் குட்டிகளைச் சாக்கிலிடுவார். அக்குட்டிகள் ஊர் முழுதிற்கும் சுமையாகும். தெருநாயை மட்டும் பிடித்து, லைன் வீட்டுப் பெட்டையை விட்டுவிடுதல், குழாயைத் திறந்துவைத்துத் தரையைத் துடைப்பது போலாம். தோட்டத்துரைமார் தம் மருந்தகத்தோடு இவ்வுதவியையும் சேர்த்தளித்தல் தகும்.

வடநாட்டிலும் வங்காளத்திலும் நிகழ்ந்த ஆராய்ச்சிகளால், தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலக் கடையில் கூடிக் குளிர்காலத்தில் ஈனுகின்றன என அறிகின்றோம். ஆதலின் ஆடி, ஆவணிக்குள் அறுவை முடிதல் நலம். ஐப்பசி மழையில் மலைப்பாதை சரிந்தபின் வண்டியனுப்பிப் பயனில்லை. தோட்டங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே செல்லவேண்டும். ஏனைய நாட்களில் கொழுந்து பறிக்கச் சென்றோர் மாலையில்தான் திரும்புவர். தாம் இல்லாதபொழுது தம் நாயை வண்டியில் ஏற்றினால், அது கொலைக்கே சென்றதென நினைத்து மறுமுறை ஒளித்துவைப்பர். உடையவரே தம் கையால் நாயைக் கொணர்ந்து, மறுநாள் தம் கையாலேயே திரும்பப் பெறும் லைனில், அடுத்த ஆண்டு வண்டி வருமுன்னே பெட்டைகளின் பெயரைச் சொல்லப் பெண்கள் காத்திருப்பர்.