தோளுக்கு அளவு, வயிற்றுக்கு இடம்

கர்ப்பம் உறுதியானதும் இரண்டு சைஸ் பெரிய சுடிதார் வாங்குவது வழக்கம். பெருப்பது வயிறும் மார்பும்தான். தோள் அப்படியேதான் இருக்கிறது. பெரிய சைஸில் தோள் தொங்கும், கழுத்து இறங்கும், குனியும்போதெல்லாம் துப்பட்டாவைப் பிடிக்க வேண்டும். அடக்கத்துக்காக வாங்கியதே அதைக் கெடுக்கிறது. தோளுக்குச் சரியாக, மார்புக்குக் கீழிருந்து சுருக்கு வைத்து விரியும் பருத்திக் குர்தாவே எடுப்பு. முழங்காலுக்குக் கீழே இறங்கட்டும். வயிறு வளர வளர முன்பக்கம் மேலேறும். சில மாதங்களுக்காகத் தனிச் செலவா என்று கேட்பார்கள். மார்பருகே மறைவாக ஜிப் வைத்துத் தைத்தால் பாலூட்டும் காலத்துக்கும் அதுவே ஆகும். புடவை இன்னும் சிக்கனம், கொசுவத்தைக் குறைத்தால் சுற்றளவு கூடிவிடும். அதில் உறுத்துவது பாவாடை நாடாதான். வயிற்றுக்குக் கீழே தளர்த்திக் கட்டலாம், அல்லது அகல எலாஸ்டிக் வைக்கலாம். கொசுவம் தரையில் புரளாமல் கணுக்காலோடு நிற்கட்டும்.