தீவனப் புல் செழிக்கத் தொழு உரம்

ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்குப் பால் பணத்தில் பெரும் பங்கு பிண்ணாக்குக்கும் தவிட்டுக்குமே போய்விடுகிறது. நல்ல பசுந்தீவனம் இருந்தால் இந்தச் செலவைக் குறைக்கலாம். பாசன வசதியுள்ள 10 சென்ட் நிலம் இதற்குப் போதும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நட்ட 75 முதல் 80 நாட்களில் முதல் அறுவடை செய்யலாம். பிறகு 45 நாட்களுக்கு ஒரு முறை அறுக்கலாம். நன்கு பராமரித்தால் ஏக்கருக்கு ஆண்டில் 150 டன் வரை கிடைக்கும். 10 சென்டுக்கு இது நாளொன்றுக்குச் சுமார் 40 கிலோ ஆகும். இவ்வளவு புல்லை எடுத்துக்கொண்டு, நிலத்துக்கு எருவைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் தூர்கள் மெலிந்து விளைச்சல் குறையும்.

எருக்குழி

சாணத்தைவிட மாட்டு மூத்திரத்தில் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் அதிகம். ஆகவே தொழுவத்தில் கழிவு வைக்கோல், சருகு முதலியவற்றைப் பரப்பி, மூத்திரம் ஊறியதும் சாணத்துடன் குழியில் சேர்க்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் குவித்து வைத்த சாணத்தில் சத்து வீணாகிறது. குழி நிழலில், 3 அடி ஆழத்தில் இருப்பது நல்லது.

ஸ்ரீரங்கம் தீவிலும் காவிரிக் கரை ஊர்களிலும் தார் வெட்டிய வாழை மரங்கள் ஏராளம். இவற்றில் சாம்பல் சத்து மிகுதி. சிறு துண்டுகளாக நறுக்கிச் சாணத்துடன் அடுக்கடுக்காகப் போடலாம். வாடல் நோய் கண்ட மரங்களைச் சேர்க்கக் கூடாது. குழி நிரம்பியதும் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசி மூடிவிட்டால், நான்கைந்து மாதங்களில் எரு மக்கிவிடும்.

இடும் முறை

கடைசி உழவில் ஏக்கருக்கு 10 டன், அதாவது 10 சென்டுக்கு ஒரு டன் மக்கிய தொழு உரம் இட வேண்டும். இதில் சுமார் 5 கிலோ தழைச்சத்து, 2 கிலோ மணிச்சத்து, 5 கிலோ சாம்பல் சத்து உண்டு. ஆனால் இவை மெதுவாகவே பயிருக்குக் கிடைக்கும். எனவே மண் பரிசோதனைப்படி அடியுரமும், ஒவ்வோர் அறுவடைக்குப் பின் 10 சென்டுக்கு 6½ கிலோ யூரியாவும் இடலாம். அளவுக்கு மீறி யூரியா இட்டால் புல்லில் நைட்ரேட் சேர்ந்து மாட்டுக்குக் கெடுதல் உண்டாகும். சாண எரிவாயுக் கலன் உள்ளவர்கள் அதன் கழிவைப் பாசன நீருடன் விடலாம்.

களர் நிலமானால் முதலில் மண் பரிசோதனைப்படி ஜிப்சம் இட்டு, நீரைத் தேக்கி வடித்துவிட வேண்டும். பின் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும்.

தரம்

எரு எவ்வளவு இட்டாலும், அறுவடையைத் தாமதித்தால் தண்டு முற்றி நார் மிகுந்து புரதம் குறைந்துவிடும். மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் விதைத்தால் புரதச் சத்தும் கூடும்.

திருச்சி மாவட்ட விவசாயிகள் மேலும் விவரங்களைச் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு அறிந்து பயனடையலாம்.