ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் போடலாமா?

கேள்வி: சின்னசேலம் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலை நடத்துகிறோம். மரவள்ளிக் கிழங்கு பெரும்பாலும் கல்வராயன் மலையிலிருந்து வருகிறது. போன வாரம் திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் போட்டால் டேலி கணக்கு, எடைமேடைப் பதிவு, விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் எதுவுமே திறக்கவில்லை. பிட்காயினில் பணம் அனுப்பினால் திறந்துவிடுவோம் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது. பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் அதிலேயே செருகியிருந்ததால் அதுவும் போயிற்று. சர்வீஸ் பையன் ஃபார்மட் போடச் சொல்கிறான். கணக்குப் பார்ப்பவர் போலீசுக்குப் போகாதீர்கள் என்கிறார். பணத்தைக் கட்டிவிடலாமா ஐயா?
வாசகர், சின்னசேலம்

பதில்: ஃபார்மட் போட்டால் உங்கள் வழக்கையும் சேர்த்து அழித்தது போலாகும். நெட் வயரைப் பிடுங்குங்கள், மிரட்டல் குறிப்பை போனில் படமெடுங்கள், அந்த டிஸ்க்கைக் கழற்றித் தனியே பத்திரப்படுத்துங்கள். வேலைக்குப் புது டிஸ்க் போட்டுக்கொள்ளலாம். நாளைக்கு நீதிமன்றத்தில் மின்னணுச் சான்று என்று எதை நீட்டினாலும் பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். மூலமே இல்லாமல் எதற்குச் சான்றிதழ் கொடுப்பது?

போலீசைப் பற்றி உங்கள் கணக்காளர் சொன்னது தவறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின்படி இப்படிக் கணினியைப் பூட்டுவது 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மிரட்டிப் பணம் கேட்டதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 308 இருக்கிறது. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்; மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். மனு ரசீதோடு திரும்பிவிடாமல் எஃப்.ஐ.ஆர். கேட்டு வாங்குங்கள். ஆள் பிடிபடுவான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜி.எஸ்.டி. அதிகாரியும் வங்கியும் கேட்கும்போது காட்ட அந்தக் காகிதம் வேண்டும்.

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, இத்தகைய தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அதற்கும் தெரிவித்திருக்க வேண்டும். சிறு நிறுவனம் என்று விலக்கு கிடையாது. கெடு தாண்டிவிட்டாலும் இன்றே அனுப்புங்கள்.

பணம் கட்டுவதா? கட்டக் கூடாது என்று நேராகச் சொல்லும் பிரிவு எதுவும் இல்லை. ஆனால் பணம் போனபின் சாவி வரும் என்பதற்கு யார் ஜாமீன்? அதற்குமுன், யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் உங்களைத் தாக்கிய வகைக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி கணக்கு. ஜி.எஸ்.டி. விதி 57, மின்னணுக் கணக்குக்கு பேக்கப் வைத்து, விபத்தில் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. அதாவது, பேக்கப் உங்கள் சௌகரியம் அல்ல, கடமை. விற்பனையை மீட்பது எளிது. தாக்கல் செய்த ரிட்டர்னும் இ-வே பில்லும் போர்ட்டலில் கிடக்கின்றன. சிக்கல் கொள்முதலில்தான். மலை விவசாயி யாருக்கு எத்தனை டன், எத்தனை பாயிண்ட் மாவுச்சத்து, எவ்வளவு பாக்கி என்பது எந்த போர்ட்டலிலும் இல்லை. அது வெள்ளிமலையில் ஏதோ ஒரு வீட்டில், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்த எடைச்சீட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டர் போய்விட்டது என்று மறைக்காமல் ஆளனுப்பி அந்தச் சீட்டுகளைப் படமெடுத்து, இருவரும் கையெழுத்திட்டுக் கணக்கை மீண்டும் எழுதுங்கள். மூலம் அழிந்த இடத்தில் இரண்டாம் நிலைச் சான்றை பாரதிய சாட்சிய அதினியத்தின் 60-வது பிரிவு ஏற்கிறது. சீட்டைத் தொலைத்தவர் சொல்லும் கணக்கையும், வங்கிப் பட்டுவாடாவோடு பொருந்தினால், நான் ஏற்றுக்கொள்ளவே சொல்வேன். கணினி பழுதானதற்காக அவர் காசை நிறுத்தி வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

வங்கிக் கணக்கு எண்கள் திருடுபோயும் இருக்கலாம். உடனே விவசாயிகளுக்குச் சொல்லிவிடுங்கள். நியாயமான பாதுகாப்பு வைக்காததால் ஒருவருக்கு நட்டம் வந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஏ பிரிவில் இழப்பீடு கேட்கலாம். தனி உரிமையாளர் நிறுவனமும் அதில் அடக்கம். 2023-இன் தனிநபர் தரவுச் சட்டத்தின் கடமைகள் முழுதாக நடைமுறைக்கு வரும்போது அபராத உச்சவரம்பே 250 கோடி ரூபாய்.

செருகியே கிடந்த டிஸ்க் விஷயத்தில் உங்களுக்கு மட்டும் இது நேரவில்லை. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் அமைப்பை, இதே போலப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது ஆன்லைன் பேக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. ஆகவே இரண்டு டிஸ்க் வாங்குங்கள். மாறி மாறிப் பதிவெடுத்ததும் கழற்றி, ஒன்றை ஆலையிலும் மற்றதை வேறு ஊரிலும் வையுங்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் திருக்கோவிலூர்ப் பக்கம் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு வேறு ஊர் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை அந்த டிஸ்க்கிலிருந்து ஒரு பழைய பில்லைத் திறந்து பாருங்கள். கணக்கு சரியாகும்வரை எடைமேடையில் கார்பன் வைத்துக் கையாலேயே சீட்டு எழுதுங்கள்.