ஏரித் திட்டத்தை மதிப்பிடப் பழகுவது எப்படி?

திருத்தணிப் பக்கம் ஓர் ஏரியைத் தூர்வாரியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதனால் வயலுக்கு என்ன பலன்? இதற்குச் சரியாக விடை சொல்லத் தெரிந்தால் தடுப்பணை, சொட்டுநீர் மானியம் என்று எந்தத் திட்டத்தையும் மதிப்பிடலாம். வேளாண் பட்டம் முடித்த இளைஞர்கள் இந்தத் தொழிலைக் களத்தில்தான் கற்க வேண்டும்.

முதலில் காகிதங்களைத் திரட்டுங்கள். 2017-இல் விவசாயிகளோடு சேர்ந்து நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்தைத் தமிழக அரசு மீண்டும் தொடங்கியபோது, முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. விவசாயிகளின் பங்கு 10 சதவீதம். இப்படிப்பட்ட பணி என்றால் எஸ்டிமேட்டும், செய்த வேலையின் அளவைப் பதியும் எம்-புக்கும் வேண்டும். தர மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

பிறகு கணக்குப் போடுங்கள். ஓர் ஏக்கரில் ஓரடி ஆழம் எடுத்தால் 43,560 கன அடி மண். யூனிட்டுக்கு 100 கன அடி என்றால் சுமார் 435 யூனிட். அத்தனை வண்டி மண் ஊருக்குத் தெரியாமல் போயிருக்காது. யார் நிலத்தில் கொட்டினார்கள் என்று கேட்டு, அங்கே போய்ப் பாருங்கள்.

இனி நடை. கரையில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் அதிகம். நீங்கள் கடைமடையிலிருந்து தொடங்குங்கள். கடைசி வயலுக்குத் தண்ணீர் எத்தனை நாள் வந்தது என்பதே முதல் கேள்வி. அங்கிருந்து கால்வாய் வழியே மேலேறி மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் மூன்றையும் பாருங்கள். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் மதகு வழியே பாயாது. ஊறிக் கிணற்றுக்குப் போகும், மாடு குடிக்கும். அதுவும் பலன்தான், ஆனால் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது. வரத்துக் கால்வாய் அடைபட்டிருந்தால் எவ்வளவு தூர்வாரியும் ஏரி நிரம்பாது. எல்லையை ஒட்டிய ஊர்களில் நீர்வரத்து ஆந்திரப் பக்கத்திலிருந்தும் இருக்கலாம். அதுவரை போய்ப் பார்த்துவிடுங்கள்.

அடுத்ததுதான் பலரும் சறுக்கும் இடம்: ஒப்பீடு. 2016 வடகிழக்குப் பருவமழை மிக மோசமாகப் பொய்த்தது. 2017 தொடக்கத்திலேயே மாநிலத்தை வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். அந்த வறட்சி ஆண்டை 'முன்' என்றும் அடுத்த நல்ல மழையாண்டைப் 'பின்' என்றும் வைத்தால் எந்தத் திட்டமும் வெற்றியாகவே தெரியும். அதனால் கிராம நிர்வாக அலுவலரிடம் சில பசலிகளின் (வருவாய் ஆண்டுகளின்) பயிர்க் கணக்கான அடங்கலைப் பார்த்து, மழையளவு ஏறக்குறைய ஒத்த ஆண்டுகளை எடுங்கள். தூர்வாராத பக்கத்து ஏரி ஒன்றையும் சேர்த்து அளந்து பாருங்கள். கிணற்று நீர்மட்டத்துக்கு ஒரு கயிறும் கல்லும் போதும். மே மாதமும் ஜனவரியும் தவறாமல் அளந்து பாருங்கள்.

பேசும்போது மொழி முக்கியம். திருத்தணி ஆந்திரத்திலிருந்து 1960-இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சுற்று ஊர்களில் வீட்டில் தெலுங்கு பேசுவோர் நிறைய. மதகு என்றால் யோசிக்கும் பெரியவர் 'தூமு' என்றதும் மடை திறந்ததுபோல் பேசுவார். பாசனச் சங்கத் தலைவரோடு நிறுத்திவிடாமல் கூலிப் பெண்கள், ஆடு மேய்ப்பவர்கள், குத்தகைக்காரர்கள் எல்லாரிடமும் தனித்தனியே கேளுங்கள்.

அறிக்கைக்குப் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான ஓஇசிடி அமைப்பின் ஆறு அளவுகோல்கள் உதவும்: பொருத்தம், ஒத்திசைவு, இலக்கடைவு, சிக்கனம், தாக்கம், நிலைத்தன்மை. முறையான பயிற்சிக்குத் துவாக்குடி நீர்ப்பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம், ஹைதராபாத்தில் உள்ள வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமான மேனேஜ் போன்றவற்றில் விசாரியுங்கள். திருவள்ளூருக்கு அருகே திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தில் கிராம சபை கூடும். உங்கள் முடிவுகளை அங்கே ஊரார் முன்னால் படித்து, அவர்கள் சொல்லும் திருத்தங்களையும் சேர்த்த பிறகே அறிக்கையை அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.